நாய்க்குச் சாப்பாடு சலிக்குமா?

கேள்வி: எங்கள் வீட்டு ஜூலிக்கு நான்கு வயது. லாப்ரடார். கருத்தடை ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது. குட்டிப் பருவம் முடிந்ததிலிருந்து ஒரே கம்பெனியின் பாக்கெட் தீனிதான் போட்டு வந்தோம். இரண்டு மாதமாகத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாள். 'ஒரே சாப்பாடு சலித்துப் போயிருக்கும், மாற்றிப் பாருங்கள்' என்றார் கடைக்காரர். மாற்றினோம். நாலு நாள் ஆசையாகத் தின்றாள். ஐந்தாம் நாள் பழைய கதை. இப்படி மூன்று கம்பெனி மாற்றியாயிற்று. இதற்கு நடுவில் பாதத்தை நக்குகிறாள், காதைச் சொறிகிறாள். சிக்கன் அலர்ஜியாக இருக்கும், தானியம் சேராத தீனி வாங்குங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். காலையில் மாமனார் கையால் நாலு பிஸ்கட், எங்களோடு இட்லி, மதியம் மிஞ்சிய தயிர்சாதம் என்று எதையாவது சாப்பிட்டுவிடுவதால் பட்டினி இல்லை. போன மாதம் எடை 36 கிலோ. நாய்த் தீனியை எப்போது மாற்றலாம், எப்போது மாற்றக் கூடாது என்று எப்படித்தான் முடிவு செய்வது?

— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, எடையை மறக்காமல் எழுதியிருந்ததுதான். 'எங்கள் நாய் எதையும் தொடுவதில்லை' என்று வருகிறவர்கள் நிறைய; எடையோடு வருகிறவர்கள் குறைவு. பெண் லாப்ரடார் பொதுவாக 25 முதல் 32 கிலோ வரை இருக்கும். சாப்பிடாத நாய் 36 கிலோ இருக்க வழியில்லை. ஜூலி சாப்பிடுகிறாள். தட்டில் இருப்பதை மட்டும் ஏன் தொடுவதில்லை என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

சலிப்பு என்ற காரணத்தை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் நாய்த் தீனியை மாற்றுகிற வீடுகளில் அதிகம் கேட்கிற காரணம் அதுதான். மூன்று வேளையும் உப்புமா போட்டால் நமக்கு முகம் சுளிக்கிறது. அதே மனதை நாய்க்கும் வைத்துப் பார்க்கிறோம். நம் நாக்கில் சுமார் 9,000 சுவை மொட்டுகள் உண்டு. நாயின் நாக்கில் சுமார் 1,700தான். சாப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதை நாய் பெரும்பாலும் மூக்கால் முடிவு செய்கிறது. தினமும் ஒரே தீனி என்பதற்காக ஆரோக்கியமான, பசியுள்ள நாய் பட்டினி கிடப்பதில்லை.

அப்படியானால் அந்த நாலு நாள் ஆசைக்கு என்ன பொருள் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பெரும்பாலான நாய்களுக்குப் புது வாசனை மீது ஒரு ஈர்ப்பு உண்டு. நிபுணர்கள் இதைப் புதுமை நாட்டம் என்பார்கள். அதாவது பழகியதையும் புதியதையும் அருகருகே வைத்தால் புதியதை முதலில் தேர்ந்தெடுக்கும் குணம். வாசனை பழகியதும் அந்த ஈர்ப்பு அடங்கிவிடும். தீனி தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாய்க்குப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க அவர்கள் இரண்டு தட்டுச் சோதனை நடத்துகிறார்கள். இரண்டு தீனியை இரண்டு தட்டில் வைத்து, எதில் எவ்வளவு குறைந்தது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். சில நாய்களுக்கு ஒரே பக்கம் போகும் பழக்கம் இருப்பதால் மறுநாள் தட்டுகளை இடம் மாற்றி வைப்பார்கள். உலர்தீனி உருண்டைகள் இயந்திரத்திலிருந்து வெந்து, காய்ந்து வெளிவந்த பிறகு அவற்றின் மேல் கொழுப்பையும் 'டைஜெஸ்ட்' என்கிற சாற்றையும் தெளிக்கிறார்கள். ஈரல், குடல் போன்றவற்றை நொதி சேர்த்துக் கரைத்து எடுப்பது அந்தச் சாறு. ஜூலி முகர்ந்தது பெரும்பாலும் இந்த மேல்பூச்சைத்தான். கம்பெனி மாறினால் பூச்சும் மாறும், வாசனையும் மாறும், நாலு நாள் தட்டு காலியாகும். ஆகவே அந்த ஆர்வத்தை வைத்துப் புதுத் தீனி நல்லது என்றோ, பழையது கெட்டது என்றோ சொல்லிவிட முடியாது.

சரி, உண்மையான காரணம் எது? அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஓய்வுநிலை ஆற்றல் தேவை என்று ஒன்று உண்டு. நாய் சும்மா படுத்திருந்தாலும் உடம்பு இயங்குவதற்கு வேண்டிய கலோரி அது. 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி. கருத்தடை செய்த வீட்டு நாய்க்கு இதைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக, சுமார் 1,400 கலோரி என்பது வழக்கமான உச்ச மதிப்பீடு. காலையும் மாலையும் தெருமுனை வரை நடந்துவிட்டு மீதி நேரம் டைல்ஸ் தரையில் படுத்திருக்கும் நாய்க்கு அதுவே அதிகம்.

இப்போது தட்டுக்கு வெளியே போவதைப் பாருங்கள். ஒரு மாரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. நாலு பிஸ்கட்டுக்கு 100. மூன்று இட்லிக்குச் சுமார் 150. ஒரு தட்டுத் தயிர்சாதம் 250க்குக் குறையாது. ஆக 500 ஆகிவிட்டது. பிள்ளைகள் மேஜைக்கு அடியில் நீட்டுவது இந்தக் கணக்கில் இல்லை. தீனி தவிர்த்த கொறிப்பு எல்லாம் சேர்ந்து நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் அளவு. ஜூலிக்கு அது 140. இதில் ஆபரேஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருப்பையும் சினைப்பையும் எடுத்த பிறகு உடம்பின் கலோரித் தேவை ஏறக்குறைய கால்வாசி குறைகிறது, பசியோ கூடுகிறது. தட்டில் விழும் அளவு மட்டும் ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததுதான். வயிறு நிறைந்த நாய் உலர்தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போவது நியாயமான காரியம்.

இதோடு ஜூலி ஒரு பாடமும் படித்திருக்கிறாள். தட்டை விட்டு விலகினால் வீட்டில் எல்லோர் முகமும் மாறுகிறது; சற்று நேரத்தில் இட்லி வருகிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுக்கிறாள், பாக்கெட்டே மாறுகிறது. நாய் இதைத் திட்டம் போட்டுச் செய்வதில்லை. எந்தச் செயலுக்குப் பிறகு நல்லது நடக்கிறதோ அந்தச் செயலைத் திரும்பச் செய்யும், அவ்வளவுதான்.

லாப்ரடார் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இந்த இனத்தில் ஒரு மரபணுக் குறையைக் கண்டுபிடித்தார்கள். 'பி.ஓ.எம்.சி.' என்ற அந்த மரபணுதான் வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தியை மூளைக்குத் தருவதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இதில் ஒரு துண்டு இல்லை. லாப்ரடார் எதையும் விடாமல் தின்னும் என்று ஊரே சொல்வதற்கு இப்படி உடலியல் காரணமும் இருக்கிறது. அதனால்தான் லாப்ரடார் தட்டை ஒதுக்கினால் நான் இரண்டே சாத்தியங்களை முதலில் நினைப்பேன்: வேறெங்கோ வயிறு நிறைகிறது, அல்லது உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது.

இரண்டாவதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பிஸ்கட்டையும் தயிர்சாதத்தையும் விரும்பித் தின்றுகொண்டு தீனியை மட்டும் ஒதுக்கும் நாய்க்குப் பெரும்பாலும் நோய் இருக்காது. நேற்றுவரை எல்லாம் தின்ற நாய் இன்று பிஸ்கட்டையும் ஒதுக்கினால் பாக்கெட்டை மாற்றுவதில் பொழுதைப் போக்காதீர்கள். நம் ஊரில் இதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது உண்ணிக் காய்ச்சலைத்தான். பழுப்பு நாய் உண்ணி கடித்து ரத்தத்தில் எர்லிக்கியா என்ற கிருமி ஏறும் நோய் அது. பல நாய்களில் முதல் அறிகுறியே சோர்வும் சாப்பிடாமையும்தான். உதட்டைத் தூக்கி ஈறு வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள்; மூக்கில் ரத்தம் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி வரை இருக்கும், மனிதக் கணக்கை வைத்து அதைக் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். 103ஐத் தாண்டினால்தான் கவலை. ஆசையாக ஓடி வந்து, வாயில் எடுத்து, மெல்லாமல் கீழே போட்டால் பல்லைப் பார்க்க வேண்டும்.

தீனியின் மேலேயே தவறு இருக்கவும் கூடும். கடற்கரைப் புழுக்கத்தில் திறந்த மூட்டையின் கொழுப்பு சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். நமக்கு லேசான பழைய எண்ணெய் வாடையாகத் தெரிவது நாய்க்குப் பல மடங்காகத் தெரியும். பெரிய மூட்டை விலை மலிவு என்று வாங்கி மூன்று மாதம் வைத்திருப்பதைவிட, ஒரு மாதத்தில் தீரும் அளவு வாங்குவது நல்லது. மூட்டையோடு சேர்த்துக் காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துத் தருவார்கள். அது எப்போது பிரித்த மூட்டை என்று உங்களுக்குத் தெரியாது, வாங்காதீர்கள்.

அடுத்து, சொறியும் சிக்கனும். சொறிகிற நாய் என்றால் உணவு அலர்ஜி என்று முடிவுகட்டுவது இப்போது மிகப் பரவலாகிவிட்டது. எங்களிடம் சொறியோடு வரும் நாய்களில் உண்ணி, தெள்ளுப்பூச்சி, தோல் பூஞ்சை, வீட்டுத் தூசியிலும் மகரந்தத்திலும் வரும் ஒவ்வாமை ஆகியவைதான் அதிகம். உணவு அலர்ஜி இவற்றுக்குப் பிறகுதான். ஜூலியின் காதுமடலைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே பழுப்பு மெழுகு படிந்து, புளித்த வாடை வந்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதத்தில் விரல்களுக்கு நடுவில் ரோமம் துருப்பிடித்த நிறத்தில் இருந்தால் அது எச்சில் கறை. நீங்கள் பார்க்காத நேரத்திலும் நக்குகிறாள் என்று பொருள். இந்த இரண்டும் தூசி ஒவ்வாமையிலும் வரும், உணவு அலர்ஜியிலும் வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ரத்தத்தையும் ரோமத்தையும் அனுப்பி உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்கும் சோதனைகளையும் நம்புவதற்கில்லை.

நம்பத்தக்க வழி ஒன்றுதான். அதன் பெயர் விலக்குணவுச் சோதனை. நாய் இதுவரை தின்றிராத ஒரு மாமிசத்தை வைத்துச் செய்த உணவை, அல்லது புரதத்தை உடம்பு அடையாளம் காண முடியாத அளவு சிறு துண்டுகளாக உடைத்த மருத்துவத் தீனியை, எட்டு வாரம் மட்டும் தருவது. அந்த எட்டு வாரமும் பிஸ்கட் இல்லை, இட்லி இல்லை, சுவையூட்டிய மாத்திரைகூட இல்லை. சொறி அடங்கினால் பழைய தீனியைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். மறுபடி சொறிந்தால்தான் அலர்ஜி உறுதி. இதைக் கேட்டதும் பலர் தயங்குவார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு மாதத்தில் மூன்று கம்பெனி மாற்றுவதைவிட இது சுலபம், செலவும் அதைவிடக் கூடிவிடாது. கம்பெனி மாற்றுவதில் ஒரு நஷ்டமும் உண்டு. அலர்ஜி என்பது உடம்பு ஏற்கெனவே சந்தித்த புரதத்துக்கு எதிராகத்தான் வரும். இன்று மீன், நாளை ஆடு, மறுநாள் வாத்து என்று எல்லாவற்றையும் சுவைக்க வைத்துவிட்டால், சோதனைக்கு நாய் தின்றிராத மாமிசமே மிஞ்சாது.

தானியம் சேராத தீனி பற்றி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நாய் ஓநாய் வம்சம், அதற்குச் சோறு ஆகாது என்ற பேச்சு எங்கும் இருக்கிறது. வம்சம் என்பது சரி. ஆனால் மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் நாயின் குடல் மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க கணையம் சுரக்கும் நொதி அமிலேஸ். அதற்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருக்கிறது. நாய்களிடம் 4 முதல் 30 பிரதி வரை இருப்பதை ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். நம் கிராமத்து வேட்டை நாய்கள் கூழும் கஞ்சியும் குடித்து முயலைத் துரத்தியவை. நாய்களில் உறுதியான உணவு அலர்ஜிகளைத் தொகுத்துப் பார்த்தபோது முதலில் நின்றது மாட்டிறைச்சி. பிறகு பால், கோழி, அதற்கும் பிறகுதான் கோதுமை. அரிசி பட்டியலில் மிகக் கீழே. ஆகவே தானியத்தை விலக்கினால் சொறி போகும் என்பது பெரும்பாலான நாய்களுக்குப் பொருந்தாது.

தானியத்தை எடுத்த இடத்தில் வேறொன்றைப் போட்டாக வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பல தீனிகளில் பட்டாணியும் பருப்பு வகைகளும் அந்த இடத்துக்கு வந்தன. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இப்படிப்பட்ட தீனி தின்ற நாய்களில் இதயத் தசை மெலிந்து அறைகள் விரியும் நோய் பதிவாவதாக அறிவித்து ஆராயத் தொடங்கியது. தீனிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2022 இறுதியில் அது சொன்னது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகம் முழுவதும் தீரவும் இல்லை. தேவையே இல்லாத நாய்க்கு இந்தச் சந்தேகத்தை விலைகொடுத்து வாங்க நான் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். தீனியை மாற்றுவதற்கான காரணம் நாயின் உடம்பில் இருக்க வேண்டும். அதன் முகபாவத்தில் இருந்தால் போதாது. குட்டி வளர்ந்து முடித்தது ஒரு காரணம். லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் இது ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் நடக்கும். சினையும் பாலூட்டலும் காரணங்கள். சிறுநீரகக் கோளாறு, சிறுநீர்ப்பைக் கல், கணைய அழற்சி என்று மருத்துவர் கண்டுபிடித்தால் அது கட்டாயக் காரணம். ரோமம் மங்கி உதிர்வது, மலம் வாரக்கணக்கில் இளகியே இருப்பது, எடை ஏறுவது அல்லது இறங்குவது ஆகியவை மாற்றத்தைப் பரிசீலிக்க வைக்கும் காரணங்கள், அதுவும் குடற்புழு இல்லை என்று உறுதியான பிறகு.

பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சமையலுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோழியும் சோறும் மட்டும் போட்டால் நாய் பளபளப்பாகத்தான் தெரியும், கொஞ்ச காலத்துக்கு. எலும்பில்லாத இறைச்சியில் கால்சியத்தைப் போல் பதினைந்து, இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. நாய்க்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் சற்றே கூடுதலாக வேண்டும். இந்த வித்தியாசத்தை உடம்பு தன் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். முன்னங்கால் வில்லாக வளைந்து, தூக்கினாலே கத்தும் குட்டிகளைப் பார்க்கிறபோது எனக்கு மனசு தாங்குவதில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் கஞ்சத்தனம் செய்திருக்க மாட்டார்கள். தினமும் கறி வாங்கிப் போட்டிருப்பார்கள். வீட்டுச் சமையல் தாராளமாகச் செய்யலாம், கால்சியத்தையும் வைட்டமின்களையும் மருத்துவர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, வெந்த எலும்பு ஆகியவை எந்தக் கணக்கிலும் கிடையாது.

ஜூலியின் தீனியை மாற்ற உண்மையிலேயே ஒரு காரணம் இருந்தது. அது ஒன்றரை வருடத்துக்கு முன், ஆபரேஷன் முடிந்த வாரத்தில் வந்தது. கலோரி குறைந்த தீனிக்கு அப்போது மாறியிருக்கலாம், அல்லது அளவைக் கால்வாசி குறைத்திருக்கலாம். இப்போதும் தாமதமில்லை. 2002இல் ஒரு தீனி நிறுவனத்தின் ஆய்வு வெளியானது. 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்ததில், மற்றவற்றைவிடக் கால்வாசி குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது.

முதலில் காதையும் தோலையும் மருத்துவரிடம் காட்டி, உண்ணிக்கும் பூஞ்சைக்கும் மருந்து எடுத்துவிடுங்கள். சொறி அதிலேயே அடங்கினால் அலர்ஜிப் பேச்சு முடிந்தது. அடங்கவில்லை என்றால் எட்டு வாரச் சோதனைதான் முதலில், எடைத் தீனி அதற்குப் பிறகு. எடை குறைக்க இப்போதைய தீனியையே பாதியாக்கிவிடாதீர்கள். கலோரியோடு புரதமும் வைட்டமினும் பாதியாகிவிடும். எடைக் கட்டுப்பாட்டுத் தீனியில் குறைந்த கலோரிக்குள் இவை நிறைவாக இருக்கும். 30 கிலோ இலக்கு என்றால் நாளைக்குச் சுமார் 900 கலோரி. நூறு கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாக்கெட்டில் பார்த்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்; டம்ளர் அளவு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் மாமனார் கையால் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை. காலையிலேயே நிறுத்த தீனியிலிருந்து ஒரு பிடியை எடுத்து அவரிடம் ஒரு சிறு டப்பாவில் கொடுத்துவிடுங்கள். அவர் கொடுப்பது அதிலிருந்து மட்டும். தட்டை இருபது நிமிடம் வைத்து, மீந்தால் எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை வரை வேறெதுவும் வேண்டாம். தொடர்ந்து இரண்டு நாள் எதையுமே தொடாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

எந்தத் தீனிக்கு மாறினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். குடலில் இருக்கும் நுண்ணுயிர்களும் செரிமான நொதிகளும் பழைய உணவுக்குப் பழகியவை. புதிதுக்குத் தயாராக அவற்றுக்குச் சில நாள் வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் கால்பங்கு புதிது, அடுத்து பாதி, அதன் பின் முக்கால் என்று ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இழுங்கள். மலம் இளகினால் அடுத்த படிக்குப் போகாமல் அதே கலவையில் இரண்டு நாள் நில்லுங்கள்; தண்ணீராகப் போனாலோ வாந்தி எடுத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். எடையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே தராசில் பாருங்கள். வாரத்துக்கு 350 முதல் 700 கிராம் வரை இறங்கினால் சரியான வேகம். அதைவிட வேகமாக இறங்கினால் தீனியைச் சற்றுக் கூட்டுங்கள், ஒரு மாதம் ஆகியும் இறங்கவே இல்லை என்றால் தைராய்டு சுரப்பியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.